மௌனப் பொருள்கள்: ஓவியமும் அடுக்களையும்

இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களிடம் ஒரு மனிதர் வந்தார். தம் பிழைப்பே கைத்தொழில்தான் என்றும், தாம் உருவங்கள் செய்பவர் என்றும் முறையிட்டார். உருவம் சமைப்போர் குறித்து அண்ணல் நபி (ஸல்) அவர்கள் செய்த எச்சரிக்கையை இப்னு அப்பாஸ் எடுத்துரைத்ததும் அம்மனிதருக்கு மூச்சு வாங்கியது. முகம் வெளுத்துப் போயிற்று. அந்நிலையைக் கண்ட இப்னு அப்பாஸ், செய்துதான் ஆகவேண்டுமெனில் மரங்களையும் உயிரில்லாத பொருள்களையும் வரைந்துகொள்ளுமாறு அவருக்கு வழிகாட்டினார். ஸஹீஹுல் புகாரியில், வணிகம் பற்றிய பகுதியில் இடம்பெற்றுள்ள செய்தி இது.

இச்செய்தியின் முற்பாதியை நாம் அடிக்கடி கேட்டிருக்கிறோம். ஜும்ஆ உரைகளிலும் மார்க்க விளக்கக் கூட்டங்களிலும் உருவப்படம் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் எச்சரிக்கை தவறாமல் வந்துவிடுகிறது. வழிகாட்டுதல் வருவதில்லை, வந்தாலும் ஒரு சலுகையாக, ஓரத்தில் எழுதிய குறிப்பாக வருகிறது. ஆனால் இமாம் புகாரி அவர்கள் இதனை வைத்திருக்கும் இடம் நோக்கத்தக்கது. உயிரற்றவற்றின் படங்களை விற்பது குறித்த தலைப்பின்கீழ் இதனை அமைத்துள்ளார்கள். ஒரு தொழிலாளியின் சோற்றோடு தொடர்புடைய வினாவாகவே இது அவர்களுக்குப் பட்டிருக்கிறது. ஒரு வாசல் அடைபட்ட அதே அமர்வில் இன்னொரு வாசல் திறந்துவிடப்பட்டது. அவ்வாசல் வழியே நாம் எவ்வளவு தூரம் நடந்தோம்? கம்பம் பள்ளத்தாக்கின் சிற்றூர்களில் ஒன்றாகிய குச்சனூரின் அடுக்களைகளை மனத்தில் வைத்துக்கொண்டு இவ்வினாவைக் கேட்க விழைகிறோம். ஏன் குச்சனூர் என்பதைப் பின்னர்ச் சொல்வோம்.

அவ்வாசலுக்கு அப்பால் உள்ள ஓவிய வகைக்கு உலகக் கலை வரலாற்றில் தனிப்பெயர் உண்டு. நம் ஓவியக் கல்லூரி மாணவர்கள் 'ஸ்டில் லைஃப்' என்றே சொல்லிப் பழகியிருக்கிறார்கள். தமிழில் நிலைப்பொருள் ஓவியம் எனலாம். பலகைமேல் ஒரு கிண்ணம், இரண்டு பழங்கள், ஒரு கத்தி, மடித்த துணி. மனிதர் இல்லை, கதை இல்லை. டச்சு மொழியார் இதற்கு இட்ட பெயர் 'அசையாத உயிர்' என்று பொருள்படும். பிரெஞ்சுக்காரர் 'இறந்த இயற்கை' என்றனர். இக்கால அரபியில் 'அத்தபீஅத்துஸ் ஸாமிதா', அதாவது மௌனமான இயற்கை, என்பர். மூன்றினுள் அரபுப் பெயரே நமக்கு உவப்பானது. வானங்களும் பூமியும் அவற்றில் உள்ள யாவும் இறைவனைத் துதிக்கின்றன, அத்துதியை மனிதர்கள்தாம் உணர்வதில்லை என்னும் திருமறையின் கூற்றை (17:44) அறிந்தவருக்கு, இந்த மௌனம் பொருள்களின் இயல்பா, நம் செவியின் குறையா என்ற ஐயம் எழுவது இயற்கை. உண்ணப்பட்டுக் கொண்டிருக்கும்போதே உணவு தஸ்பீஹ் செய்வதைத் தாங்கள் கேட்டதுண்டு என இப்னு மஸ்ஊத் (ரலி) அறிவித்திருக்கிறார்கள்.

சட்ட நிலையைச் சற்றே விரித்துப் பார்ப்போம். ஸஹீஹ் முஸ்லிமுக்கு விரிவுரை கண்ட இமாம் நவவி (ரஹ்), உயிருள்ளவற்றின் உருவைச் சமைப்பதே தடுக்கப்பட்டது என்றும், மரம் முதலிய உயிரற்றவற்றை வரைவதோ அத்தொழிலால் பொருளீட்டுவதோ தடுக்கப்பட்டதன்று என்றும் தெளிவாக்குகிறார்கள். இதில் ஒரே ஒருவர் மட்டும் மாறுபட்டதை அறிஞர்கள் பதிவு செய்துள்ளனர். அவர் இப்னு அப்பாஸின் மாணவரான முஜாஹித் (ரஹ்). கனி தரும் மரத்தை வரைவதை அவர் விரும்பவில்லை. இறைவனின் படைப்பைப் போலப் படைக்க முற்படுவோர் ஒரு தானியத்தை, ஒரு வாற்கோதுமையைப் படைத்துக் காட்டட்டும் என்னும் கருத்தமைந்த ஹதீஸ் குத்ஸி அவர் கண்முன் நின்றது. பெரும்பான்மை அறிஞர்களோ, தாம் செய்த உருவுக்கு உயிரூட்டும்படி உருவம் சமைத்தோர் மறுமையில் பணிக்கப்படுவர் என்னும் செய்தியை முன்வைத்தனர். உயிரூட்டும்படி சொல்ல முடியாத இடத்தில் தடைக்கு வேலையில்லை என்பது அவர்தம் வாதம்.

முஜாஹிதின் கருத்து சட்டமாக நிலைபெறவில்லை. எனினும் ஓர் ஓவியத் திறனாய்வாளர் என்ற முறையில் அவரை நாம் மதிக்கிறோம். ஒரு மாதுளம்பழத்தை வரைபவன் தனக்குத் தொடர்பில்லாத ஏதோ ஓர் அலங்காரத்தை வரையவில்லை, ஒரு படைப்பின் எதிரே உட்கார்ந்திருக்கிறான் என்பதை அவர் உணர்ந்திருந்தார். வாற்கோதுமை மணி ஒன்றும் சிறிய பொருளன்று என்று கருதிய மனம் அது. நிலைப்பொருள் ஓவியத்தைப் பொழுதுபோக்காக எண்ணும் பலருக்கு இந்த அச்சம் வாய்க்கவில்லை.

இனி, மேற்குலகம் இவ்வகையை எங்கே வைத்தது என்று பார்த்தால் வியப்பு காத்திருக்கிறது. 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரெஞ்சு அரச ஓவியக் கழகத்தின் 1667ஆம் ஆண்டுச் சொற்பொழிவுகளைத் தொகுத்து முன்னுரை எழுதிய ஆந்த்ரே ஃபெலிபியன், ஓவிய வகைகளுக்கு ஒரு படிவரிசை கட்டினார். பழம், பூ, சிப்பி முதலியவற்றை வரைபவன் கீழ்ப்படியில். நிலக்காட்சி வரைபவன் அவனுக்கு மேல். உயிருள்ள விலங்குகளை வரைபவன் அதற்கும் மேல். மனித உருவை வரைபவன் எல்லோருக்கும் மேல். காரணமும் கூறினார். இறைவனின் படைப்புகளில் மனிதனே நிறைவானவன். எனவே மனித உருவை வரைபவன் இறைவனைப் பின்பற்றிச் செய்பவன் ஆகிறான். ஆதலால் அவனே உயர்ந்தவன். இறைவனின் படைப்புச் செயலுக்கு ஒப்பாகச் செய்ய முனைவதையே நம் ஹதீஸ்கள் எச்சரிக்கைக்குக் காரணமாகக் காட்டுகின்றன. பாரிஸில் அதுவே பெருமைக்குக் காரணமாகிறது. இரு தரப்பாரும் ஒரே உண்மையைக் கண்டிருக்கிறார்கள். தீர்ப்பு மட்டும் நேர் எதிராக அமைந்துவிட்டது. எந்தக் காரணத்துக்காகக் கிண்ணமும் பழமும் அங்கே கடைசிப் படிக்குத் தள்ளப்பட்டனவோ, அதே காரணத்தால் இங்கே அவை தடையற்றவை ஆயின.

ஆக, தர்க்கப்படி பார்த்தால், இவ்வோவிய வகையின் தாயகம் முஸ்லிம் உலகமாக இருந்திருக்க வேண்டும். அங்கே கீழ்ப்படியில் நிறுத்தப்பட்டவர்கள் செய்த காரியம் சிறிதன்று. ழான் சிமியோன் ஷார்தேன் (1699–1779) விலங்கும் பழமும் வரைவதில் வல்லவர் என்ற தகுதியோடுதான் 1728இல் அக்கழகத்தில் சேர்க்கப்பட்டார். சில ஆண்டுகளுக்குப்பின் அவர் வரைந்த செப்பு நீர்த்தொட்டி இன்று பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் உள்ளது. குழாய் வைத்த ஒரு செம்புத் தொட்டி, அதனருகே வாளி, குடுவை. அவ்வளவே. வுளூச் செய்வதற்காக நீர் நிரப்பி வைக்கப்பட்ட தொட்டிகளைப் பார்த்து வளர்ந்த நமக்கு அப்படத்தின்முன் எந்த அந்நியமும் தோன்றாது. தண்ணீரைத் தாங்கி நிற்பதற்கு ஒரு கண்ணியம் உண்டு என்று அது சொல்வது போலிருக்கிறது.

முஸ்லிம் கலைஞர்கள் அவ்வாசலைக் கண்டுகொள்ளவே இல்லை என்று சொல்வது நியாயமாகாது. ஹிஜ்ரி 96இல் (கி.பி. 715) நிறைவுற்ற திமிஷ்கின் உமையாப் பள்ளியின் சுவர்களில் பல்வண்ணச் சில்லுகளாலான மரங்கள், ஆறு, மாளிகைகள் உண்டு, ஒரு மனிதரோ பறவையோ இல்லை. இஸ்தான்புலின் தோப்காபி அரண்மனையில் மூன்றாம் அஹ்மத் 1705இல் அமைத்த 'கனி அறை'யின் சுவர்கள் முழுவதும் பூச்சாடிகளும் பழக்கிண்ணங்களுமே வரையப்பட்டுள்ளன. நம் நாட்டில் ஆக்ராவின் இஃதிமாதுத் தவ்லா அடக்கவிடம் (1622–1628) இன்னும் ஆழமானது. நூர் ஜஹான் தம் தந்தைக்காக எழுப்பிய அக்கட்டடத்தின் வெண்பளிங்கில், குறுகிய கழுத்துடைய சுராஹிகள், கிண்ணங்கள், கனித்தட்டுகள், சைப்ரஸ் மரங்கள் ஆகியவை நிறக்கல் பதித்து இழைக்கப்பட்டுள்ளன. மதுக்கலம் அடக்கவிடத்தில் எதற்கு என்று முகம் சுளிப்போர் உண்டு. ஸூஃபிக் குறியீடு என்று விளக்குவோரும் உண்டு. நமக்கோ அச்சுவர், வீட்டார் வெளியே போய்விட்ட ஒரு வீட்டின் மாடப்பிறை போலத் தோன்றுகிறது. பாத்திரங்கள் அடுக்கியபடியே இருக்கின்றன; எடுத்துப் புழங்க ஆள் இல்லை. மண்டை ஓடோ மணற்கடிகையோ வைக்காமலேயே மரணம் அங்கே சொல்லப்பட்டுவிட்டது.

தமிழகத்திலும் இதன் சாயல் உண்டு. கீழக்கரை, காயல்பட்டினம் ஆகிய ஊர்களின் பழைய கற்பள்ளிகளில் தூண்களும் போதிகைகளும் கோயிற் கட்டடக் கலையின் இலக்கணத்தையே பெரிதும் பின்பற்றுகின்றன. உருவங்கள் மட்டும் விலகிக்கொள்ள, அவ்விடத்தில் பூவும் கொடியும் வந்தமர்ந்திருக்கின்றன. இப்னு அப்பாஸ் சொன்ன வழியை எந்த உளியும் இவ்வளவு சொல்லுக்குச் சொல் கேட்டிருக்க முடியாது. ஆனால் இவையனைத்தும் அணி வகையைச் சேர்ந்தவை. சுவருக்கு அழகூட்டும் கிண்ணம் வேறு. நேற்று ஒருவர் கஞ்சி குடித்துக் கழுவிக் கவிழ்த்த கிண்ணம் வேறு. பின்னதை நாம் வரையவில்லை.

அதை வரைந்தவர்கள் என்று டச்சுக்காரர்களைச் சொல்வது வழக்கம். நம் மதிப்பீடு சற்றே மாறுபடுகிறது. 17ஆம் நூற்றாண்டு டச்சு நிலைப்பொருள் ஓவியங்களில் இரண்டு போக்குகள் உண்டு. ஒன்று, மண்டை ஓடும் அணைந்த மெழுகுவத்தியும் வைத்து உலகின் நிலையாமையைப் போதிப்பது. ஸுஹ்து எனும் பற்றறுத்தலைப் போற்றும் நமக்கு இது நெருக்கமானது போலத் தோன்றும். ஆனால் பாத்திரத்தை உதாரணமாக்கிப் பேசும் பிரசங்கம் பாத்திரத்தைப் பார்ப்பதில்லை. மற்றொன்று, வெள்ளிக் கலங்களும் சீனக் கிண்ணங்களும் மேசைவிரிப்பாகக் கிடக்கும் கிழக்கத்திய இரத்தினக் கம்பளங்களும் குவிந்த செல்வக் காட்சி. வில்லெம் கால்ஃப் அதில் தேர்ந்தவர். பொன், வெள்ளிக் கலங்களில் உண்பதையும் பருகுவதையும் நபி (ஸல்) அவர்கள் தடுத்த காரணத்தை இத்தகைய படம் ஒன்றைப் பார்த்தாலே புரிந்துகொள்ளலாம். அத்தடையே மண்ணையும் பித்தளையையும் முஸ்லிம் கைவினைஞர்கள் பொன்னுக்கு நிகராக உயர்த்தத் தூண்டியது என்று கருதும் கலை வரலாற்றாசிரியர்கள் உள்ளனர். பீட்டர் கிளாஸ் 1627இல் வரைந்த வான்கோழிப் பணியாரப் படத்தில், பஞ்சாங்கத் தாளைச் சுருட்டிய பொட்டலத்தில் உப்பும் மிளகும் இருக்கும். அற்புதமான மிளகு. அதைப் பறித்த கையை அப்படம் கேட்பதில்லை. கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து விடியுமுன் ஜீப்புகளில் நெருக்கியடித்து ஏறி, மலைமேல் ஏலத் தோட்டங்களுக்குக் கூலிக்குப் போய்த் திரும்பும் பெண்களை அறிந்த நாம் அக்கேள்வியைக் கேளாமல் கடந்துபோக முடியாது.

இந்தியாவில் இவ்வகைக்கே தம்மை ஒப்படைத்த ஓவியர் என்று முதலில் சொல்லத்தக்கவர் கே.எச். ஆரா (1914–1985). செகந்திராபாத்தை அடுத்த பொலாரத்தில் பிறந்து, சிறுவயதிலேயே பம்பாய்க்கு ஓடிவந்து, கார் துடைப்பவராகவும் வீட்டு வேலைக்காரராகவும் பிழைத்தவர். 1930இன் உப்புச் சத்தியாகிரகத்தில் சிறை சென்றார். 1942இல் முதல் தனிக்காட்சி நிகழ்த்தினார். 1947இல் சூசா, ரஸா, ஹுஸைன், காடே, பாக்ரே ஆகியோரோடு பம்பாயின் முற்போக்கு ஓவியர் குழுவைத் தொடங்கிய அறுவருள் ஒருவர். அக்குழுவின் முஸ்லிம் ஓவியர் இருவரில் ஹுஸைன் குதிரைக்கும் மனித உருவுக்கும் போனார். ரஸா நிலக்காட்சியிலிருந்து 'பிந்து'வுக்குச் சென்றார். அதுவும் உயிரற்றதே என்று ஒருவர் வாதிட்டால் மறுக்க மாட்டோம். சாடியையும் கிண்ணத்தையும் பழத்தையும் விடாமல் பற்றிக்கொண்டவர் பொலாரத்துச் சிறுவர்தாம்.

ஆராவின் படங்கள் எல்லாம் ஒரே தரத்தன அல்ல. விற்பனைக்கென்று திரும்பத் திரும்ப வரைந்த பூச்சாடிகள் பல, அவற்றில் கை மட்டுமே வேலை செய்திருக்கிறது. ஆனால் நல்ல படங்களில், நீர்வண்ணத்தைக்கூட எண்ணெய் வண்ணம் போலக் கனமாக அப்பி, பாத்திரத்தின் எடையை உணரச் செய்துவிடுவார். பார்வைக்கு அழகான சாடியைப் பலர் வரைவர். தூக்கினால் எவ்வளவு கனக்கும் என்று தெரிந்த சாடியை வரைபவர் சிலரே. மற்றவர் வீட்டுப் பொருள்களைத் துடைத்து, இருந்த இடத்தில் திரும்ப வைத்த கைகளுக்கு அந்தக் கனம் நினைவிருந்தது என்றே நாம் கொள்கிறோம். வேலைக்காரரின் பார்வையில் வரையப்பட்ட நிலைப்பொருள் ஓவியம் கலை வரலாற்றில் அரிது. செல்வர் வீட்டு மேசையை விருந்தினராக நின்று பார்ப்பதே அங்கு வழக்கம்.

இவ்விடத்தில் குச்சனூருக்கு வருவோம். சின்னமனூரை அடுத்து, சுரபி நதிக்கரையில் உள்ள இவ்வூரைச் சனீஸ்வரர் கோயிலாலும் ஆடிச் சனிக்கிழமைத் திருவிழாவாலும் தமிழகம் அறியும். குச்சுப் புல்லால் கூரை வேய்ந்ததால் இப்பெயர் வந்தது என்று தலக்கதை சொல்லும். அது உண்மையெனில், ஒரு வீட்டுப் பொருளே ஊரின் பெயராகிவிட்டது என்பதில் நமக்கொரு மகிழ்ச்சி. சுற்றிலும் முல்லைப் பெரியாற்றுப் பாசனத்தில் விளையும் நெல்லும் வாழையும் தென்னையும். சற்றுத் தெற்கே உத்தமபாளையமும் கம்பமும். ராவுத்தர் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழும் ஊர்கள். பள்ளத்தாக்கின் கிழக்கே மேகமலைத் தொடர், மேற்கே ஏலமலை. காலை வெயில் ஒரு மலையைத் தாண்டி வரவேண்டும். மாலை வெயிலை இன்னொரு மலை முன்னதாகவே மறைத்துக்கொள்ளும். பகல் இருபுறமும் சற்றே கத்தரிக்கப்பட்ட நிலம் இது. ஓவியருக்கு இதைவிட நல்ல விளக்கு தேவையில்லை. பழத்துக்கும் குறைவில்லை. 1832இல் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவரால் இங்கு வந்ததாகச் சொல்லப்படும் பன்னீர்த் திராட்சை 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. புதிதாகப் பறித்த கொத்தின்மேல், விரல் பட்டால் அழியும் சாம்பல் நிறப் பூச்சு ஒன்று இருக்கும். அதைத் தூரிகையால் பிடிப்பது நிலைப்பொருள் ஓவியருக்குப் பழங்காலந்தொட்டே ஒரு தேர்வு.

இப்பகுதியின் வீடுகளில் நாம் கண்ட அடுக்களைகளைச் சொல்கிறோம். இந்து வீடாயினும் முஸ்லிம் வீடாயினும் பாத்திரத்தில் பெரிய வேற்றுமை இராது. சுவரோரம் சுளகு சாத்தியிருக்கும். கழுவிக் கவிழ்த்த சருவச்சட்டி, விளிம்பு நெளிந்த கும்பா, அளக்கும் படி, மூலையில் அம்மி, அதன்மேல் குழவி. குழவியின் நடு இடை பல்லாண்டுத் தேய்மானத்தால் ஒடுங்கியிருக்கும். முஸ்லிம் வீட்டில் கூடுதலாக வுளூச் செம்பு, பன்னீர்ச் செம்பு, சாம்பிராணிச் சட்டி, திருமறை ஓதும் ரேஹல். பித்தளைக் குடங்களுக்கு உள்ளே ஈயம் பூசித் தர ஊதுலையோடு தெருவில் ஆள் வந்த காலம் இருந்தது. எவர்சில்வர் வந்தபின் ஈயம் பூசுபவர் வருவதில்லை. பித்தளையும் தாமிரமும் எடைக்குப் போயின. ஒரு குடும்பத்தின் நான்கு தலைமுறைத் தண்ணீர் எத்தனை கிலோ என்று தராசில் நின்றதை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். அதனை இழப்பென்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை. தேய்க்கும் கைகளுக்கு எவர்சில்வர் தந்த விடுதலையை மறந்துவிட்டுப் பித்தளைக்காக ஏங்குவதும் தேய்க்காதவர்களின் இரசனையே.

எடைக்குப் போகாமல் தப்பிய பாத்திரங்களில் ஒன்றைக் கையில் எடுத்தால் அதில் எழுத்து இருக்கும். புள்ளி புள்ளியாக வெட்டிய பெயர், சில வேளை திருமண நாள். விசேஷ வீடுகளுக்கு இரவலாகப் போகும் தேக்சாக்களிலும் அண்டாக்களிலும் ஜமாஅத்தின் பெயர் வெட்டியிருக்கும். தொலையாமல் திரும்ப வேண்டும் என்பதற்காகச் செய்யப்படும் இவ்வேலையை நாம் ஓர் எழுத்துக் கலையாகவே பார்க்கிறோம். எழுத்தணிக் கலை என்றால் கூஃபீ, நஸ்க் என்று உடனே பேசும் நம் கலை விவரிப்புகளில் பாத்திரக் கடையில் அமர்ந்து பெயர் வெட்டுபவருக்கு இடமில்லாமல் போனது ஏன் என்பது தனியே ஆராயத்தக்கது.

நபி (ஸல்) அவர்கள் இல்லத்தில் நிலைமை வேறுவிதமாக இருந்தது. நாம் பாத்திரத்தின்மேல் நம் பெயரைப் பொறிக்கிறோம். அங்கே பாத்திரத்துக்கே பெயர் இருந்தது. நால்வர் சேர்ந்து தூக்க வேண்டிய அளவு பெரிய உணவுத் தட்டு ஒன்றுக்கு 'அல்கர்ரா' என்று பெயர் என அபூதாவூத் வழி அறிகிறோம். அனைவரும் சுற்றி அமர, இடம் நெருக்கமானபோது அண்ணலார் மண்டியிட்டு அமர்ந்தார்கள். இது என்ன இருப்பு என்று ஒரு நாட்டுப்புற அரபி வினவ, இறைவன் தம்மைக் கண்ணியமான அடியாராகவே ஆக்கியுள்ளான், ஆணவக்காரராக ஆக்கவில்லை என்ற கருத்துப்பட விடையளித்தார்கள். அனஸ் (ரலி) அவர்களிடம் அண்ணலாரின் மரக்கிண்ணம் ஒன்று இருந்தது. அதில் விரிசல் கண்டு வெள்ளியால் இணைக்கப்பட்டிருந்தது. அதன் இரும்பு வளையத்தை மாற்றிப் பொன்னிலோ வெள்ளியிலோ போட அனஸ் எண்ணியபோது, நபியவர்கள் வைத்த நிலையில் எதையும் மாற்ற வேண்டாம் என்று அபூதல்ஹா (ரலி) தடுத்தார்கள். ஒட்டுப்போட்ட கிண்ணம் ஒட்டுப்போட்டதாகவே இருக்கட்டும் என்ற அந்தத் தீர்ப்பில் ஒரு முழுமையான அழகியல் அடங்கியுள்ளது.

இன்னும் ஒரு காட்சி. மனைவியரை விட்டு அண்ணலார் ஒதுங்கித் தங்கியிருந்த மாடியறைக்குள் உமர் (ரலி) நுழைகிறார்கள். அவர்கள் கண்டவற்றைப் பின்னர் சொல்லும் முறையைக் கவனிக்க வேண்டும். விலாவில் தழும்பு பதித்த பாய். ஈச்சநார் அடைத்த தோல் தலையணை. ஏறக்குறைய ஒரு ஸாஉ அளவு வாற்கோதுமை. கால்மாட்டில் தோல் பதனிடும் இலைக்குவியல். மேலே தொங்கும் பதனிடாத தோல்கள். அவ்விலை கருவேல இனத்தது. திண்டுக்கல், வத்தலக்குண்டு பக்கத்துத் தோல் தொழில் தெரிந்தவர்களுக்கு அதன் வாடைகூட நினைவுக்கு வரும். இரு பேரரசர்களின் செல்வத்தை ஒப்பிட்டு உமர் அழுதது பிறகு; முதலில் அவர்கள் பார்த்தார்கள். எது எங்கே இருந்தது என்பதை வரிசை பிறழாமல் பார்த்தார்கள். சொல்லால் வரையப்பட்ட நிலைப்பொருள் ஓவியம் என இதனைக் கூறினால் மிகையாகாது. முஜாஹித் அஞ்சிய அதே வாற்கோதுமை இதிலும் ஒரு மூலையில் இருக்கிறது.

இந்த மரபைக் கையில் வைத்திருந்தும் நாம் வரையவில்லை. தமிழ் ஓவியத்தில் அடுக்களையைக் கூர்ந்து பார்த்தவர் என்று அண்மைக்காலத்தில் கொண்டாடப்பட்டவர் கும்பகோணம் பகுதியைச் சேர்ந்த எஸ். இளையராஜா. 2021 ஜூன் மாதம் கொரோனாத் தொற்றால் மறைந்தார். பழைய வீட்டின் உட்புறத்தில் விழும் ஒளியை அவர்போல் பிடித்தவர் அரியர். ஆயினும் அவர் படங்களின் மையம் பெண்ணே. பாத்திரமும் கதவும் அவளுக்குப் பின்னணி. அது அவர் தேர்ந்த வழி, குறை காண இயலாது. உருவமில்லாமல் வீட்டைச் சொன்னவர் என்று நாடினால் அலிகாரில் பிறந்த ஸரீனா ஹாஷ்மியைத்தான் (1937–2020) காட்டவேண்டியுள்ளது. 1999இல் அவர் வெளியிட்ட 36 மரச்செதுக்கு அச்சுகளின் தொகுதியில், வாசற்படி, கதவு, முற்றம் என ஒவ்வோர் உருதுச் சொல்லும் ஒரு சில கோடுகளாக நிற்கிறது. வீட்டைப் பிரிந்தவரின் கலை அது. வீட்டிலேயே இருந்து கொண்டிருப்பவரின் படம் இன்னும் வரவேண்டும்.

எவர்சில்வரை உலகக் கலையரங்குக்குக் கொண்டுபோனவர் பீகாரின் ககோலில் 1964இல் பிறந்த சுபோத் குப்தா. நூற்றுக்கணக்கான பாத்திரங்களைக் கோத்து அவர் 2006இல் செய்த மாபெரும் மண்டை ஓடு பாரிஸிலும் பின்னர் வெனிஸிலும் வைக்கப்பட்டது. பசித்த கடவுள் என்று பொருள்படும் அதன் பெயர் நமக்கு ஒவ்வாதது என்பது ஒருபுறம் இருக்க, கலை நோக்கிலும் நம் மனம் அதில் தங்கவில்லை. எந்த வீட்டிலும் புழங்காத புதுப் பாத்திரங்கள் அவை. நெளிவில்லை, அடிப்பிடித்த கறையில்லை, வெட்டிய பெயரில்லை. டச்சுக்காரர் மேசைமேல் வைத்த மண்டை ஓட்டையே நம் பாத்திரங்களைக் கொண்டு பெரிதாகக் கட்டியிருக்கிறார்.

பளபளக்கும் பாத்திரத்தை வரைய அமர்பவருக்கு ஒரு சட்டச் சிக்கலும் உண்டு. அதைத் தொட்டு நிறுத்துகிறோம். ஆண்ட்வெர்ப் நகர ஓவியர் கிளாரா பீட்டர்ஸ் 1611, 1612ஆம் ஆண்டுகளில் வரைந்த படங்கள் சிலவற்றில், உலோகக் கலங்களின் புடைப்புகளில் மிகச்சிறிய முகம் ஒன்று தெரியும். தூரிகையோடு அமர்ந்திருக்கும் அவருடைய முகம் அது. பெண் ஓவியர்கள் அரிதாயிருந்த காலத்தில் அவர் அங்கே ஒளிந்து அமர்ந்துகொண்டார். குச்சனூரில் சாம்பல் போட்டுத் தேய்த்து வெயிலில் கவிழ்த்த பித்தளைக் குடத்தை உள்ளபடி வரைந்தால், அதன் வயிற்றிலும் தேய்த்தவளின் நிழலுரு வளைந்து தெரியத்தான் செய்யும். உயிரற்ற பொருளை மட்டும் வரைய முனைந்தவரின் படத்துக்குள் உயிருள்ள ஒருத்தி வந்துவிடுகிறாள். எகிப்தின் முஃப்தியாக இருந்த முஹம்மத் பஹீத் அல்முத்தீஈ, புகைப்படம் என்பது நிழலைப் பிடித்து வைப்பதேயன்றி உருச் சமைத்தலன்று என்று வாதிட்டது வேறு பின்னணியில். கையால் வரையும் பிம்பத்துக்கு அது நேராகப் பொருந்தாது. முகத்தின் உறுப்புகள் தெளிவற்ற உரு தடைக்கு உட்படாது என்ற கருத்தோ ஃபிக்ஹ் நூல்களில் உண்டு. குடத்தின் வளைவில் தெரிவது முகமன்று. ஒரு முக்காட்டின் நிறமும், அசைந்துகொண்டிருந்த ஒரு முழங்கையும், பின்னால் கொல்லைப்புற வாசலின் வெளிச்சமுமே.